ஓட முடியாத பயிர்



உச்சி வெயில் நேரம். மாடு என்ன செய்கிறது? மர நிழலைத் தேடிப் போகிறது. நாய் என்ன செய்கிறது? குழாயடி ஈரத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கோழி திண்ணை ஓரம் ஒதுங்குகிறது. மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறார். ஒரு சொம்பு மோர் குடிக்கிறார்.

நெற்பயிர் என்ன செய்யும்?

அதற்குக் கால் இல்லை. நட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும். வெயில் காய்ந்தாலும் அங்கேதான். வெள்ளம் தலைக்கு மேல் போனாலும் அங்கேதான். தண்ணீரில் உப்பு ஏறினாலும் அங்கேதான்.

அப்படியானால் பயிர் சும்மா நிற்கிறதா? இல்லை. வெளியே அசைவு தெரியாது. உள்ளே பெரிய வேலை நடக்கும். அந்த வேலை என்ன, அதைச் செய்யச் சொல்வது யார், அது தெரிந்தால் ஏழை உழவருக்கு என்ன பயன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒடிசா மாநிலத்துக்குப் போவோம். அங்கே வங்கக் கடல் ஓரத்தில் பத்ரக், பாலசோர் என்று இரண்டு மாவட்டங்கள். நெல்தான் முக்கியப் பயிர். ஆறுகள் கடலில் சேரும் தாழ்ந்த பூமி. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வயலுக்குள் தண்ணீர் வந்துவிடும். வந்த தண்ணீர் உடனே வடியாது. நான்கு நாள், பத்து நாள், பதினைந்து நாள் என்று நிற்கும். நட்டு ஒரு மாதம் ஆன பயிர் முழுவதும் உள்ளே மூழ்கிக் கிடக்கும்.

நெல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அது வேருக்கும் தூருக்கும்தான். தலை மூழ்கினால் நெல்லும் செத்துப்போகும். பெரும்பாலான நெல் ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் பயிர் அழுகிச் சேற்றோடு சேற்றாகக் கிடக்கும். நாற்றுக்குச் செய்த செலவு போச்சு. நடவுக்குக் கொடுத்த கூலி போச்சு. உரத்துக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒடிசாவில் பெரிய வெள்ளம் வந்தது. அந்த ஆண்டு அந்த இரண்டு மாவட்டங்களிலும் சில கிராமங்களில் சில உழவர்களுக்குப் புதிய நெல் விதை கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு 5 கிலோ. சிறிய பை. அந்த விதைக்குப் பெயர் ஸ்வர்ணா சப் 1. பக்கத்து வயலில் வழக்கமான ஸ்வர்ணா நெல். இரண்டும் ஒரே வெள்ளத்தில் மூழ்கின. பிறகு ஆராய்ச்சியாளர்கள் அளந்து கணக்குப் பார்த்தார்கள். பத்து நாள் மூழ்கிய வயல்களில் பழைய ஸ்வர்ணாவை விடப் புதிய ஸ்வர்ணா சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைச்சல் கொடுத்தது.

ஒரே மண், ஒரே வெள்ளம், பெயர் கூட ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

அதைப் புரிந்துகொள்ள விதைக்குள் போக வேண்டும்.

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று கேட்பார்கள். முளைக்காது. கத்தரி விதைத்தால் கத்தரிதான். முள் கத்தரி விதைத்தால் அதன் பிள்ளைக்கும் முள் இருக்கும். வீட்டில் குழந்தை பிறந்ததும் பாட்டி என்ன சொல்கிறாள்? "அப்பன் மூக்கு, அம்மா கண்" என்கிறாள். அப்படியானால் மூக்கு எப்படி இருக்க வேண்டும், முள் எங்கே வர வேண்டும் என்ற செய்தி எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு அது வருகிறது. செடியிலிருந்து விதைக்கு வருகிறது.

அந்த எழுத்தைத்தான் மரபணு என்கிறோம். ஜீன் என்றும் சொல்வார்கள்.

எழுத்து என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தமிழுக்கு 247 எழுத்து. அவற்றைக் கூட்டிப் படிக்க நாம் எவ்வளவு பாடுபட்டோம்! உயிர்களின் புத்தகத்துக்கு நான்கே எழுத்து. நான்கு வகை ரசாயனப் பொருள்கள்தான் அந்த எழுத்துகள். அவை மாறி மாறி வரிசையாக வருகின்றன. நெல்லின் புத்தகம் 12 பாகம். மொத்தம் சுமார் 39 கோடி எழுத்து. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு நெல் அணுவுக்குள்ளும் இந்தப் புத்தகம் முழுவதும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியா உட்படப் பல நாட்டு அறிஞர்கள் கூடி இதைப் படித்து முடித்து 2005-இல் வெளியிட்டார்கள்.

இந்தப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரு வேலைக்கான குறிப்பு. ஒரு மரபணு என்பது ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைக்குப் பச்சை நிறம் தர ஒரு சில பக்கம். வேர் கீழே போக ஒரு சில பக்கம். ஆனால் எல்லாப் பக்கத்தையும் எப்போதும் திறந்து வைத்திருப்பதில்லை. வேர் பூப்பதில்லை அல்லவா? அங்கே பூவுக்கான பக்கம் மூடியே இருக்கும்.

ஆகவே எது எழுதியிருக்கிறது என்பது பாதி விஷயம்தான். எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது மீதிப் பாதி. இந்தத் திறக்கும் மூடும் வேலையைச் செய்வதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. மேஸ்திரி மாதிரி. மேஸ்திரி கல் சுமப்பதில்லை, கலவை போடுவதில்லை. யார் எப்போது என்ன செய்வது என்று சொல்கிறார். அவர் ஒருவர் மாறினால் வேலை முழுவதும் மாறிப்போகும்.

இப்போது மறுபடி ஒடிசா வயலுக்கு வருவோம். பயிர் மூழ்கியிருக்கிறது.

வீட்டில் மாங்காய் சீக்கிரம் பழுக்க வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? அரிசிப் பானைக்குள் புதைத்து மூடி வைக்கிறோம். காயிலிருந்து ஒரு வாயு வருகிறது. அதன் பெயர் எத்திலீன். வெளியே போக வழி இல்லாமல் பானைக்குள்ளேயே சேர்கிறது. அது சேரச் சேரக் காய் பழுக்கிறது. வாழைத்தாரைப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் இதே வாயுவால்தான். புகையிலும் எத்திலீன் உண்டு.

நெற்பயிரிலும் இந்த வாயு உண்டாகிறது. சாதாரண நாளில் காற்றோடு போய்விடும். பயிர் மூழ்கினால் போக முடியாது. சுற்றிலும் தண்ணீர். அரிசிப் பானைக்குள் வைத்த மாங்காய் மாதிரி ஆகிறது பயிரின் நிலை. வாயு உள்ளே சேர்கிறது. அதுதான் பயிருக்கு வரும் சேதி: "மூழ்கிவிட்டோம்!"

சேதி வந்ததும் சாதாரண நெல் என்ன செய்கிறது? தண்ணீருக்கு மேலே தலையை நீட்டப் பார்க்கிறது. வேகமாக வளர்கிறது. வளர்வதற்குச் சாப்பாடு வேண்டுமே! மூழ்கிய பயிருக்கு வெளிச்சம் குறைவு, காற்றும் குறைவு. புதிதாக உணவு தயாரிக்க முடியாது. தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எடுத்துச் செலவு செய்கிறது. இரண்டு மூன்று நாளில் வெள்ளம் வடிந்தால் பிழைக்கும். வடியாவிட்டால் கையிருப்பு காலி. பிறகு வெள்ளம் வடியும்போது பயிர் நெட்டையாக, நூல் மாதிரி மெலிந்து போயிருக்கும். நிற்க வலு இல்லை. சாய்ந்துவிடும்.

பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட குடும்பத்தின் கதைதான் இது.

ஸ்வர்ணா சப் 1 வேறு மாதிரி செய்கிறது. அதே வாயு சேர்கிறது. அதே சேதி வருகிறது. ஆனால் இந்த நெல்லில் அந்த வாயு வேறொரு பக்கத்தையும் திறக்கிறது. அந்தப் பக்கத்தின் பெயர் சப் 1 ஏ. அதுதான் மேஸ்திரி. அது எழுந்ததும் "வளராதே, அசையாதே, கையிருப்பைத் தொடாதே" என்று உத்தரவு போடுகிறது. வளரச் சொல்லும் பொருளின் பேச்சு எடுபடாமல் செய்கிறது. பயிர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குட்டையாக, அப்படியே கிடக்கிறது. இரண்டு வாரம் வரை தாங்குகிறது. வெள்ளம் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தை எடுத்துப் புதிய இலை விடுகிறது. மறுபடி தூர் கட்டுகிறது.

தண்ணீர் வடிந்த அன்று பார்த்தால் இந்த வயலும் செத்துக் கிடப்பது போலத்தான் இருக்கும். பயந்து உழுதுவிடக் கூடாது. சில நாள் பொறுக்க வேண்டும். அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும்.

இந்த மேஸ்திரி எங்கிருந்து வந்தார்? பரிசோதனைச் சாலையில் பிறந்தவர் இல்லை. ஒடிசாவில் தாலாபுட்டியா என்று ஒரு பழைய நாட்டு நெல் உண்டு. விளைச்சல் கொஞ்சம்தான். ஆனால் வெள்ளத்தில் மூழ்கினாலும் மீண்டு வரும். அதனால்தான் அந்த ஊர் உழவர்கள் அதை விடாமல் விதைத்து, அறுத்து, விதைக்கு எடுத்து வைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து நல்ல விதையைப் பிரித்தெடுத்து எஃப்.ஆர். 13 ஏ என்று பெயர் வைத்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அந்த விதை போய்ச் சேர்ந்தது.

விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் அதை ஆராய்ந்தார்கள். வெள்ளம் தாங்கும் குணம் புத்தகத்தின் ஒன்பதாம் பாகத்தில் இருக்கிறது என்று 1996-இல் கெனாங் ஷூ, டேவிட் மாக்கில் என்ற இருவர் எழுதினார்கள். பமீலா ரொனால்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் சேர்ந்தார். சரியாக எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து 2006-இல் வெளியிட்டார்கள்.

மற்ற நெல்களில் சிலவற்றில் இந்தப் பக்கமே கிடையாது. சிலவற்றில் பக்கம் உண்டு, ஆனால் எழுத்தில் சிறு மாற்றம். வெள்ளம் வந்தாலும் மேஸ்திரியின் குரல் எழும்பாது. எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குத் தெரியாததா? பள்ளிக்குப் போனான் என்று எழுத வந்தவர் பல்லி என்று எழுதிவிட்டால் கதை வேறாகிவிடுகிறதே!

பிறகு அந்தப் பக்கத்தை ஸ்வர்ணா நெல்லுக்கு மாற்றினார்கள். ஸ்வர்ணா ஆந்திரப் பிரதேசத்தில் மாருதேரு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல். ஒடிசா, வங்கம், உத்தரப் பிரதேசம் என்று எங்கும் உழவர்களுக்குப் பிடித்த நெல். நல்ல விளைச்சல். வெள்ளம்தான் தாங்காது.

எப்படி மாற்றினார்கள்? பூவோடு பூ சேர்த்துத்தான். வெள்ளம் தாங்கும் நெல்லின் மகரந்தத்தை ஸ்வர்ணாவோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகளில் யாருக்கு அந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று நாற்றிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையை மறுபடி ஸ்வர்ணாவோடு சேர்த்தார்கள். மறுபடி சோதனை. இப்படிச் செய்யச் செய்ய, பிள்ளை எல்லாவற்றிலும் ஸ்வர்ணாவாகவே ஆகிவிடும். அந்த ஒரு குணம் மட்டும் புதிது. 2009-இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். இது மரபணு மாற்றுப் பயிரா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. நெல்லுக்கும் நெல்லுக்கும் செய்த கலியாணம்தான். எந்தப் பிள்ளை வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில்தான் புதுமை.

இதே முறையில் வேறு நெல்களிலும் சேர்த்திருக்கிறார்கள். அசாமில் ரஞ்சித் சப் 1, பகதூர் சப் 1. தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 சப் 1.

சரி, வெயிலுக்கு வருவோம். இங்கே கதை இவ்வளவு சுலபம் இல்லை.

முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றுகிறோம். தண்ணீர் மாதிரி இருந்த வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாகிவிடுகிறது. திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? முடியாது. வெள்ளைக்கருவில் இருப்பது புரதம். செடியின் உடம்பிலும் வேலை செய்வதெல்லாம் புரதங்கள்தான். ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தில் மடிந்திருக்கும். அந்த மடிப்பு இருந்தால்தான் வேலை நடக்கும். வெயில் மிஞ்சினால் மடிப்பு குலைகிறது. குலைந்தவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன.

இதைத் தடுக்கச் செடிக்குள் சில உதவியாளர்கள் உண்டு. அவர்களும் புரதங்களே. வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று பெயர். குலைந்து விழுந்ததைத் தாங்கிப் பிடித்து மறுபடி மடித்து வைப்பது அவர்கள் வேலை.

அவர்களை எழுப்புவது யார்? இது மிகவும் அழகான ஏற்பாடு. மணி அடிக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் உதவியாளர்கள் சிலர் சும்மா இருக்கிறார்கள். அவர்கள் மணிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மணி அடிக்காது. வெயில் ஏறுகிறது. புரதங்கள் குலைந்து விழுகின்றன. உதவியாளர்கள் அவற்றைத் தாங்க ஓடுகிறார்கள். மணிக்காரர் கை விடுபடுகிறது. மணி அடிக்கிறார். உதவியாளருக்கான பக்கங்கள் திறக்கின்றன. இன்னும் நிறைய உதவியாளர்கள் வருகிறார்கள். வெயில் தணிகிறது. வேலை முடிந்தவர்கள் திரும்பி வந்து மணிக்காரர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மணி நிற்கிறது.

இதன் முதல் தடயம் ஓர் ஈயிடம் கிடைத்தது. இத்தாலியில் ரித்தோசா என்ற விஞ்ஞானி பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ தவறிப்போய் ஈ வளர்த்த பெட்டியின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். ஈக்களின் அணுக்களைப் பார்த்தால் வழக்கமாக மூடியிருக்கும் சில இடங்கள் திறந்திருந்தன. 1962-இல் இதை எழுதி வெளியிட்டார். செடி, ஈ, மனிதர் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது.

இதில் ஒரு விஷயம் நமக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். நிழலில் வளர்த்த நாற்றை ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்தால் வாடும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டினால் தேறும். முதல் நாள் சிறு சூட்டிலேயே மணி அடித்து உதவியாளர்கள் தயாராகிவிடுவதும் இதற்கு ஒரு காரணம். திடீர் வெயில்தான் கொல்லும்.

2022 மார்ச்சில் அப்படித்தான் ஆனது. இந்தியாவில் 1901 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் மிகவும் சூடான மார்ச் மாதம் அதுதான். பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் கோதுமை மணி பிடிக்கும் நேரம். பொறுமையாகப் பால் ஏற வேண்டிய மணி, சூட்டில் அவசர அவசரமாக முற்றிச் சுருங்கிப்போனது. அந்த ஆண்டு விளைச்சல் எதிர்பார்த்ததை விடக் குறைந்தது. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

நெல்லுக்கு ஆபத்து பூக்கும்போது. நெல் பூ காலையில் திறந்து ஒரு மணி நேரம் போல இருந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராது. கதிர் வெளியே நன்றாகத்தான் தெரியும். கையில் பிடித்து நசுக்கினால் உள்ளே ஒன்றும் இராது. பதர். நாகினா 22 என்று உத்தரப் பிரதேசத்து நெல் ஒன்று இந்தச் சூட்டை ஓரளவு தாங்குகிறது. வெயிலும் வறட்சியும் தாங்கும் மரபணுக்களைத் தேடுவோர் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் சப் 1 போல ஒரே ஒரு பக்கத்தை மாற்றினால் போதும் என்ற நிலை வெயிலில் இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் உதவுகின்றன. இலைக்கு ஒரு வழி, பூவுக்கு வேறு வழி. அதனால்தான் வெயில் தாங்கும் நெல்லும் கோதுமையும் வருவது தாமதமாகிறது. ஒரே ஊசியில் எல்லாம் சரியாகும் என்று யாராவது விதை விற்க வந்தால் நம்ப வேண்டாம். இப்போதைக்கு வடக்கே கோதுமை உழவருக்குக் கைகொடுப்பது பருவம்தான். நவம்பர் தொடக்கத்திலேயே விதைத்தால் மார்ச் வெயிலுக்கு முன் மணி முற்றிவிடும்.

உப்புக்கும் வறட்சிக்கும் இரண்டு வார்த்தை.

கேரளத்தில் கடல் ஓரம் பொக்காளி என்று ஒரு நெல் உண்டு. உப்புத் தண்ணீர் ஏறும் வயலில் விளையும். நெல் முடிந்ததும் அதே வயலில் இறால் வளர்ப்பார்கள். உப்புத் தாங்கும் நெல்லில் ஒரு மரபணு வேருக்குள் வாசல் காவல் செய்கிறது. மேலே ஏறும் சாற்றிலிருந்து உப்பை இழுத்து வேரோடு நிறுத்திவிடுகிறது. இலைக்குப் போக விடுவதில்லை.

வறட்சியில் வேலை இலையில். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதன் வழியாகத்தான் தண்ணீர் ஆவியாகப் போகிறது. மண் காய்ந்ததும் செடிக்குள் ஒரு பொருள் சுரந்து வாய்களை மூடச் சொல்கிறது. வாய் மூடினால் தாகம் குறையும். ஆனால் காற்றும் உள்ளே போகாது, உணவு தயாரிக்க முடியாது, பசி வரும். எவ்வளவு மூடுவது என்பதில்தான் சாமர்த்தியம். வாய் மூடுவதைத் தடுக்கும் மரபணு ஒன்றும் நெல்லில் உண்டு. அந்தப் பக்கத்தில் திருத்தம் செய்து உண்டாக்கிய பூசா டி.எஸ்.டி. நெல் 1 என்ற ரகத்தை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. இது கலியாணம் செய்து வந்த நெல் இல்லை, உள்ளேயே எழுத்தைத் திருத்திய நெல். அதனால் இதற்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. வயலில் பல பருவம் பார்த்த பிறகுதான் உழவர் தீர்ப்புச் சொல்ல முடியும்.

இப்போது மறுபடி பத்ரக், பாலசோர் மாவட்டங்களுக்குப் போக வேண்டும். அங்கே கணக்கெடுத்தவர்கள் விளைச்சலோடு நிற்கவில்லை. பள்ளமான நிலம் யாரிடம் இருக்கிறது என்றும் பார்த்தார்கள். வெள்ளம் அடிக்கடி வரும் தாழ்ந்த நிலம் தாழ்த்தப்பட்ட சாதி மக்களிடம் கூடுதலாக இருந்தது. மேட்டு நிலம் மற்றவர்களிடம். ஊர் பிரிந்த காலத்தில் யாருக்கு எது கிடைத்தது என்பதைத் தண்ணீர் இன்றைக்கும் காட்டிக்கொடுக்கிறது. வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்று பேசுவார்கள். ஆனால் நிலத்தைப் பங்கு போட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே வெள்ளம் தாங்கும் விதை பள்ளத்து வயலுக்குத்தான் முதலில் போக வேண்டும். மேட்டு வயல்காரர் அரசுக் கிடங்கில் முந்திக்கொண்டு வாங்கிப் போனால் அந்த மேஸ்திரிக்கு அங்கே வேலையே இராது.

இன்னொன்றும் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் விதை கைக்கு வந்ததும் உழவர்களுக்குத் துணிச்சல் வந்தது. முன்பெல்லாம் எப்படியும் வெள்ளத்தில் போகப் போகிறது என்று விதையைத் தூவிவிட்டு விட்டுவிடுவார்கள். இப்போது நாற்று விட்டு நட்டார்கள். உரம் கூடுதலாகப் போட்டார்கள். கடன் வாங்கவும் முன்வந்தார்கள். வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சல் கூடியது. பயம் குறைந்ததில் வந்த லாபம் இது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த நெல் இரண்டு வாரத்துக்கு மேல் முழுவதும் மூழ்கினால் தாங்காது. முழங்கால், இடுப்பு அளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும் இது ஏற்றது இல்லை. அங்கே தண்ணீரோடு போட்டி போட்டு உயரும் நெல்தான் வேண்டும். பூக்கும் நேரத்தில் மூழ்கினாலும் காப்பாற்றாது. நட்டு வேர் பிடித்த இளம் பயிருக்குத்தான் இந்தக் காவல்.

நல்ல செய்தி ஒன்று. இது ஒட்டு ரக விதை இல்லை. வீரிய ஒட்டு நெல்லுக்கு ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். இதற்கு வேண்டாம். நெல் தன் பூவிலேயே கரு கட்டிக்கொள்ளும். ஆகவே இதன் விதையில் அதே குணம் வரும். வயலில் நன்றாக இருக்கும் பகுதியை ஒதுக்குங்கள். கலப்பான பயிரைப் பிடுங்கிப் போடுங்கள். அதைத் தனியாக அறுத்து, நன்றாகக் காயவைத்து, எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு விதைக்கலாம். பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாம். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்கு இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. கம்பெனிப் பெயர் போட்டுப் பையில் அடைத்து விற்கத்தான் கூடாது.

கடையில் வாங்குவதானால் ஏமாறாமல் இருக்க ஓர் அடையாளம் உண்டு. ஸ்வர்ணா என்றால் பொன். பழைய ஸ்வர்ணாவின் உமி பொன் நிறம். ஸ்வர்ணா சப் 1-இன் உமி வைக்கோல் நிறம். வெள்ளம் தாங்கும் பக்கத்தை எடுத்து வந்தபோது, அதன் அருகில் இருந்த உமி நிறத்துக்கான பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எனவே ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பொன் நிறமாக இருந்தால் அது சப் 1 இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். வைக்கோல் நிறமாக இருந்தால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். அந்த நிறத்தில் வேறு நெல்லும் நிறைய உண்டு. பையில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். சான்று பெற்ற விதைக்கு நீலச் சீட்டு. ரகத்தின் பெயர் என்ன, எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் போட்டிருக்கும். பெயருக்குப் பின்னால் சப் 1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சீட்டைப் பிரித்துப் பத்திரமாக வையுங்கள். முளைக்காவிட்டால் கேட்பதற்கு அதுதான் சாட்சி.